ரெண்டர் படத்துக்கு மட்டும் மதிப்பெண் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேம் டிசைன், முப்பரிமாண மாடலிங் படிக்கும் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்டை ரெண்டர் படத்தையும் (மாடலிலிருந்து கணினி வரைந்து தரும் படம்) ஒரு நிமிட வீடியோவையும் வைத்தே மதிப்பிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விளக்கு நன்றாக விழுந்தால் மோசமான மாடலும் படத்தில் ஜொலிக்கும். அதே மாடல் கேமுக்குள் போனதும் கணினி திணறும்.

ஒரு நாற்காலியையே பாருங்கள். 500 முகங்களில், அதாவது மாடலின் மேற்பரப்பை ஆக்கும் தட்டையான துண்டுகளில், முடித்துவிடலாம். விளிம்பு வழுவழுப்பாக வர வேண்டும் என்று பிளெண்டர் என்ற மாடலிங் மென்பொருளில் சப்டிவிஷன் (முகங்களைப் பிரித்து நுணுக்கமாக்குவது) போடுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் முகங்கள் நான்கு மடங்காகும். மூன்றாம் படியில் 32,000. கிராஃபிக்ஸ் கார்டு முக்கோணங்களாகத்தான் வரையும், ஆக 64,000. வகுப்பறைக் காட்சியில் 40 நாற்காலி போட்டால் 25 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆசிரியை, கரும்பலகை எல்லாம் இனிமேல்தான்! மாடலின் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்ச்சரும் இப்படித்தான். 4096-க்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு படம், சுருக்காமல் ஏற்றினால், 64 எம்பி நினைவகம் பிடிக்கும். நிறம், நார்மல் (மேடுபள்ளம்), ரஃப்னஸ் (சொரசொரப்பு) என்று மூன்று படம் வைத்தால் நாற்காலிக்கே 192 எம்பி. 1024 அளவில் ஒரு படம் 4 எம்பிதான். நாற்காலிக்கு அது தாராளம்.

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டிக்குள் கொண்டுபோனதும் சுவர் காணாமல் போகிறது என்று மாணவர்கள் பதறுவது வழக்கம். முகத்தின் நார்மல், அதாவது அது பார்க்கும் திசை, உள்நோக்கித் திரும்பியிருக்கும்; யூனிட்டி வழக்கமாக முன்பக்கத்தை மட்டும்தான் வரையும். பிளெண்டர் இரு பக்கத்தையும் காட்டிவிடுவதால் அங்கே தெரியாது. ஓவர்லே மெனுவில் ஃபேஸ் ஓரியண்டேஷனைப் போட்டால் தவறான முகங்கள் சிவப்பாகத் தெரியும். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்-என் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்றுமதிக்கு முன் கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை (மாற்றிய அளவை) அப்ளை செய்வதும் மறந்துபோகும் வேலைதான். நாய்ஸ் நோடு (பிளெண்டர் கணக்குப் போட்டு உருவாக்கும் வடிவம்) வைத்துச் செய்த மரத்தின் ரேகை ஏற்றுமதியில் வராது, அதை டெக்ஸ்ச்சர் படமாகப் பதிவு செய்தாக (பேக்) வேண்டும்.

தமிழில் கேம் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் யூனிகோடுத் தமிழை அப்படியே ஒட்டினால் ‘செடி’யின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023-இல் வந்த கோடாட் 4 என்ற இன்னொரு கேம் மென்பொருள் கொம்பை ஒழுங்காக முன்னால் வைக்கிறது. தமிழ் எழுத்துருவைப் புராஜெக்ட்டோடு சேர்த்துவிட்டால் போதும். பிளெண்டரைப் போலவே கோடாட்டும் இலவசம், கட்டற்ற மென்பொருள்.

ஆகவே வீடியோவோடு பிளெண்டர் கோப்பையும் ஓடக்கூடிய கேமையும் வாங்க வேண்டும். வைவாவில் வயர்ஃப்ரேமை (முகங்களின் விளிம்புக் கோடுகள் மட்டும் தெரியும் காட்சி) போடச் சொல்லுங்கள். ஓவர்லே மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸை டிக் செய்தால் முக்கோண எண்ணிக்கை திரையிலேயே வரும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிறகு கேமை மாணவரின் லேப்டாப்பில் ஓட்டாமல், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிநொடி. அதைத் தாண்டினால், எந்தப் பொருள் அந்த நேரத்தைத் தின்கிறது என்று புரொஃபைலரை (நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவி) திறந்து மாணவரே காட்டட்டும். பாதி மதிப்பெண்ணை அதற்கு வைக்கலாம்.

இப்படிக்கு,
கேம் மாடலிங் பயிற்றுநர்,
கோவை.