நிலவைச் சுற்றாதே, நெட்டையா

ரோஸ் ஹில், மொரிஷியஸ்,
வெள்ளி இரவு

நெட்டையா,

நீ எடுத்த பாட்டு வீடியோவை அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. திட்டு வாங்கத் தயார். வீட்டில் எல்லோரும் சுகம். டீச்சருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, உன் கையெழுத்து இப்போது இன்னும் மோசமாகத் தெரிகிறதாம்.

அட்டை நிலா பிரமாதம். ஆனால் கேமராவைக் கிம்பலில் (ஆடாமல் தூக்கி நடக்கும் கைப்பிடி) மாட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாயே, ஏனடா? பிரெஞ்சு இயக்குநர் மெலியேஸின் 1902 நிலவுப் படத்தை நினைவூட்டத்தானே இத்தனை பாடு? அவர் கேமரா அசையாது. நாடகக் கொட்டகையில் நடுவரிசைக்காரன் பார்ப்பதுபோல் நேர் எதிரே, தலைமுதல் கால்வரை. நீ சுற்றியதும் அட்டையின் விளிம்பு தெரிந்து பள்ளி ஆண்டுவிழா ஆகிவிட்டது. முக்காலியில் வை. ஃபிரேம் 4:3. காட்சி மாறும்போது வெட்டாதே, டிசால்வ் போடு, ஒன்று கரைந்து அடுத்தது தெரியட்டும்.

பழைய படங்களின் அந்தத் துருதுரு நடைக்காக எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டியிருக்கிறாய். பாடகியின் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நொடிக்கு 16 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டு. படப்பிடிப்பில் பாட்டை 64 சதவீத வேகத்தில் ஒலிக்கவிட்டு வாயசைக்கச் சொல், 25-இல் ஓட்டும்போது பொருந்திவிடும். (கேமராவில் 16 இல்லையா? 15 வை, பாட்டு 60 சதவீதம்.) 64 சதவீதத்தில் நாலு நிமிடப் பாட்டு ஆறேகால் நிமிடம் இழுக்கும், அவளிடம் முன்பே சொல்லிவிடு. ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம், 1/50 நொடியை விட்டு நகரக்கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50-இல் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். நீ 1/60 வைத்திருப்பாய், அதனால்தான் கடைசிச் சரணத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடுகிறது.

அந்தக்கால ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். மெலியேஸ் செட்டையே சாம்பல் நிறத்தில் தீட்டினார். கறுப்பு வெள்ளை ஆக்கும்போது சிவப்பைக் குறை, நீலத்தை ஏற்று. பாதியோடு நிறுத்து, இல்லாவிட்டால் நம்மவர்கள் முகமெல்லாம் இருட்டில் போய்விடும். வானத்திரையைக் கியூர்பிப் ஊர்க் காற்றில் வெளியே கட்டாதே. வானமே படபடக்கும்.

பழங்கால உடை கிடைக்கவில்லை என்று புலம்பியிருந்தாய். மெலியேஸின் நிலவுப் படத்தையே வைத்து 1996-இல் 'டுநைட், டுநைட்' பாட்டு வீடியோவை எடுத்த இயக்குநர்கள் டேட்டன், ஃபாரிஸ் இருவருக்கும் அதே கதிதான்: வாடகை உடைகளையெல்லாம் 'டைட்டானிக்' குழு அள்ளிப் போயிருந்தது. மிச்சத்தை வைத்தே எடுத்தார்கள். அதில் வரும் கப்பலுக்கு மெலியேஸ் என்றே பெயர். தெரிந்தவன் சிரிப்பான், தெரியாதவனுக்கு அது ஒரு கப்பல், அவ்வளவுதான். நீயோ நிலவு போதாதென்று மர்லின் மன்றோவின் இளஞ்சிவப்பு கவுனையும் நுழைத்திருக்கிறாய். 1985-இல் மடோனா அதை எடுத்தாண்டது கலரில், மாடிப்படியும் கோட்டு போட்ட ஆண்களுமாக. கறுப்பு வெள்ளையில் இளஞ்சிவப்பு எவன் கண்ணுக்குத் தெரியும்!

விளையாட்டில்லாமல் ஒன்று: நடுவில் ஒரு தமிழ்ப் படத்திலிருந்து ஐந்து நொடி அப்படியே வெட்டிச் சேர்த்திருக்கிறாயே, அதைத் தூக்கிவிடு. அதேபோல் நடித்துக் காட்டுவது வேறு, படத்துண்டையே எடுத்துப் போடுவது வேறு. அனுமதி இல்லாமல் ஏற்றி, வீடியோ முடங்கினால் அந்தப் பாடகியின் முதல் பாட்டும் அதோடு போகும்.

சனிக்கிழமை முக்காலியோடு வருகிறேன். மஞ்சள் குடை ஃபிரேமுக்குள் வரவே கூடாது.

குட்டை