அரசுச் சின்னத்தில் இருப்பது யார் வீடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியை, புதுச்சேரியின் சின்னங்களை வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அணில், குயில், வில்வ மரம், நாகலிங்கப் பூ எல்லாம் மளமளவென்று முடிந்தன. கடைசியில் அரசுச் சின்னமான ஆயி மண்டபம். ஸ்கேல் வைத்துத் தூண்களுக்குக் கோடு போட்டுக்கொண்டே, "இது யார் வீடு தாத்தா?" என்று கேட்டாள்.

வீடு இல்லையம்மா, ஊருக்காகத் தன் வீட்டையே இடித்தவளின் நினைவு மண்டபம் என்றேன்.

விளக்குகள் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து, இந்தப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொல்லிவிட்டார். நானே இடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கிய ஆயி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். ஊர் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை இது. பிறகு பிரெஞ்சு ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்த நகரத்துக்கு, ஆயி குளம் வெட்டிய முத்திரையர்பாளையத்திலிருந்துதான் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்தது. அந்த நன்றிக்குத்தான் மண்டபம் கட்டினார்கள்.

பக்கத்தில் கடலூருக்குப் போனால் தமிழக அரசு முத்திரையில் கோயில் கோபுரம். அதன் அழகு அதற்கு. நம் சின்னத்திலோ ராயர் பெயரும் இல்லை, நெப்போலியன் பெயரும் இல்லை. இடிக்கச் சொல்லப்பட்டவளின் பெயர்தான் நின்றிருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

சின்ன வயதில், முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் கிடைத்தால்தான் அம்மா பருப்பு வேகவைப்பார். சீக்கிரம் குழைந்துவிடும் என்பார். இன்று எங்கள் தெருக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. காலையில் கேன் வண்டிக்காகக் காத்திருக்கிறோம்.

போன ஞாயிறு பேத்தியைப் பாரதி பூங்காவுக்கு அழைத்துப்போனேன். மண்டபத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரிடம் ஆயி யார் என்று கேட்டேன். பிரெஞ்சு ராணி என்றாள் ஒருத்தி. மனசு கேட்கவில்லை, உட்காரவைத்து முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். படம் வரையச் சொல்வதோடு விடாமல், பிள்ளைகளை மண்டபத்துக்கும் அப்படியே முத்திரையர்பாளையத்துக்கும் அழைத்துப்போங்கள். அரைநாள் போதும்.

ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி