முற்றத்தை மூட வேண்டாம்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதமும் புது வீட்டின் வரைபடமும் கிடைத்தன. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தி எங்கள் எல்லோரையும் மகிழ்வித்தது. இங்கு அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மாலையில் கோயில் வரை நடந்து வருகிறார்.

வீட்டின் நடுவே முற்றம் வைத்திருக்கிறாய் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், அதன்மேல் கண்ணாடிக் கூரை போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. சென்ற மாதம் ஒரு திருமணத்துக்காகக் காரைக்குடிக்குப் போயிருந்தபோது, செட்டிநாட்டு வீடொன்றின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சூழ்ந்த தாழ்வாரமும் உள்ள பகுதியில், ஒரு பகல் முழுவதும் இருந்தேன். சூடேறிய காற்று மேலே திறந்த வழியாக வெளியேற, முகப்பின் நிழலில் கிடந்த காற்று உள்ளே வந்துகொண்டே இருந்ததால், சித்திரை வெயிலிலும் தாழ்வாரத்தில் விசிறி தேவைப்படவில்லை. கண்ணாடி போட்டால் வெளிச்சத்தோடு வெப்பமும் உள்ளே வரும். வந்த வெப்பம் போக வழி இராது.

மழைக்கு அஞ்சுகிறாய் என்று தெரிகிறது. அந்த வீடுகளில் ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாய்களின் கீழ் அண்டாக்களை வைத்து மழைநீரைப் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சிய நீர் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும். மழை குறைந்த அந்தச் சீமையில் திறந்த முற்றமும் வீட்டுக்கு நீர் தந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின், நீயும் எப்படியும் ஒரு தொட்டியோ உறிஞ்சுகுழியோ கட்டத்தான் வேண்டும். முற்றத்து வடிகாலை அதனுடன் இணைத்துவிடு. முற்றத்தின் தரை தாழ்வாரத்தைவிட அரை அடியாவது தாழ்ந்து, வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கட்டும். சாரல் உள்ளே வராதபடி தாழ்வாரக் கூரையைச் சற்று நீட்டிவிடச் சொல்.

திருட்டுப் பயத்துக்கு மேலே இரும்புக் கம்பி போதும். கொசுவுக்கு, முற்றத்தைப் பார்க்கும் சன்னல்களில் வலை அடித்துக்கொள்.

இன்னொன்று. வரைபடத்தில் முற்றம் ஆறடிக்கு ஆறடி என்றிருக்கிறது. மாடியும் எழும்பும் வீட்டில் அது வெயில் இறங்காத குழியாகி, பாசி பிடித்துக் கிடக்கும். வரவேற்பறையைக் குறைத்தாவது இதைப் பெரிதாக்கு. வடகம் காயப்போடவும், பிள்ளைகள் விளையாடவும், இரவில் பாய் விரித்துப் படுக்கவும் இடமிருந்தால்தான் வீட்டார் அங்கே வந்து உட்காருவார்கள்.

அடித்தளம் போடும் முன் திருத்திய வரைபடத்தை அனுப்பு. நான் ஆவணியில் அங்கு வருகிறேன். கொத்தனாரிடம் இருவருமாகப் பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்