மூன்றரை ஆள் கணக்கு: காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர்களின் பணி ஊக்கம் என்றதும் யோகா வகுப்பும் மனநல முகாமும் ஏற்பாடாகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த ஊக்கம் உயிரோடு இருப்பதும் சாவதும் காவல் நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் ரைட்டர் எழுதும் டூட்டிப் பட்டியலில்தான்.

வார ஓய்வுக்கு 2021-லேயே அரசாணை வந்துவிட்டது. பிறகும் ஏன் கைக்கு எட்டுவதில்லை? ஒரு பாரா (காவல் நிற்கும்) இடத்தில் 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி. நாளுக்கு எட்டு மணி வீதம் ஆறு நாள் வருபவர் தருவது 48 மணி. வகுத்துப் பாருங்கள், மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, கோர்ட் டூட்டி, பயிற்சி சேர்ந்தால் நான்கைத் தாண்டும். அங்கே இருவரை வைத்து ஓட்டினால், மீதி ஒன்றரை ஆளின் வேலை அந்த இருவரின் தூக்கத்திலிருந்துதான் வருகிறது.

அந்தத் தூக்கக் கடன், ரோந்து போகும் காவலர் ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தில் தெரியும். இரவு 1 மணி, 2.30, 4 மணிக் கையெழுத்துகள் மூன்றும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். நீதிமன்றத்தில் இன்னும் மோசம். இரவு ரோந்து முடித்த கையோடு எழுதிய மகஜரில், அதாவது கைப்பற்றல் பதிவில், பொருளைக் கைப்பற்றிய நேரம், கைது நேரத்தோடு ஒட்டாது. குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். இதில் மாதம் இத்தனை பெட்டி கேஸ் (சிறு குற்ற வழக்கு) என்று எண்ணிக்கையும் கேட்டால், எண்ணிக்கை வரும். திருட்டு வழக்கின் விசாரணை கிடப்பில் கிடக்கும்.

மும்பை தேவனார் நிலையத்தில் 2016 மே மாதம் எட்டு மணி நேர முறையைச் சோதித்தார்கள். யோசனை ஒரு கான்ஸ்டபிளுடையது. இங்கே ஆள் இல்லை என்பவர்கள் அதிகாரிகளின் வீட்டு வாசலையும் பார்க்கலாம். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை 1979-இல் ஒழிக்கப்பட்டது; அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இலும் கண்டிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் கேட்பவை: ஓய்வை ரத்து செய்பவர் யார், எத்தனை மணிக்கு, எந்தப் பந்தோபஸ்துக்காக என்பது நிலையப் பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும். மைக்கில் (வயர்லெஸ்ஸில்) வரும் வாய்மொழி உத்தரவு போதாது. ரத்தான ஓய்வுக்கு ஈடான ஓய்வு 15 நாளுக்குள் கிடைக்க வேண்டும். இரவுப் பணி முடித்தவரை அன்று காலை கோர்ட்டுக்கு அனுப்பக் கூடாது. காவலர் ஒழுங்கு விதி 3(பி)-இன்கீழ் தரப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளுக்குக் காலக்கெடு வேண்டும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது, குற்றம் நிரூபணமாகாதவருக்கும் அதுவே தண்டனையாகிவிடுகிறது.

இப்படிக்கு,
காவல் நிர்வாகம் அறிந்த சிலர்