அண்ணன் கேட்ட அன்றைக்கு ஒரு படுக்கை இருந்திருந்தால்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரித்துப் பார்த்து இதை எழுதவில்லை.

என் அண்ணன் கொத்தனார். பதினோரு வருடமாகக் குடிக்கிறார். போன ஆடியில் ஒருநாள் காலை, கை நடுக்கத்தில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் திண்ணையில் வைத்துவிட்டு, "என்னை எங்கயாவது சேத்து விடும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா எத்தனை கோயில் படி ஏறியிருப்பார்! உடனே தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், அங்கே குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், இரண்டு பஸ் மாறிப் போனால் படுக்கை இல்லை, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். தனியார் மையத்தில் மாதம் பதினெட்டாயிரம். சரி, வீட்டிலேயே நிறுத்திப் பார்ப்போம் என்று இருந்துவிட்டோம்.

அது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் இல்லாத பூச்சியைப் பிடித்துப் பிடித்து அம்மாவின் முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். 108 வந்து உயிரைக் காப்பாற்றியது. வருடக்கணக்கில் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், சிலர் இறந்தே போவார்கள் என்று அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். இதற்கு டயஸிபாம் மாதிரி மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துச் சில நாள் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டுமாம். இரண்டுமே விலை குறைந்த மருந்துகள்.

2019இல் எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்திய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. இந்தியா முழுக்க எடுத்த கணக்கு அது. ஆனால் இங்கே 2003இலிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவதே அரசுதான், 2024-25இல் மட்டும் டாஸ்மாக் வழியாக 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்து போனார்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தீர்கள். கொடுக்க வேண்டியதுதான். அதே மாதிரிப் பணம், உயிர் போவதற்கு முன்னாலும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

2025இல் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் திறந்தீர்கள். மனதார நன்றி. ஆனால் மாவட்டங்களே 38 இருக்கின்றன. கூலிக்குப் போகிறவருக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் அன்றைய சம்பளமும் போச்சு, குடியை விடலாம் என்று வந்த மனசும் மாறிவிடும். குடிநோய்க்கும் போதைக்கும் அரசு செலவில் சிகிச்சை பெறுவது 2017 மனநலச் சட்டப்படி உரிமை, சலுகை இல்லை.

குடிகாரனுக்கு வரிப்பணமா என்று ஜனங்கள் கோபப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் மகளிர் குழுவில் இதை எடுத்தபோது, கடன் தவணை பேச வந்த பதினாலு பேரும் அதை மறந்துவிட்டு அவரவர் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். ஒருத்தியின் பையன் குடிக்கவே மாட்டான், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான், வயது பத்தொன்பது. பணம் ஒதுக்குங்கள் என்று கையெழுத்துப் போடச் சொன்னால் பதினாலு பேரும் போடுவார்கள்.

வரும் பட்ஜெட்டில் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிக்கும் இதற்கென்று நாலு படுக்கை, தீராத மருந்து இருப்பு, நிரந்தர வேலையில் ஒரு ஆலோசகர், இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஆலோசகர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கிறார் என்று கேட்க ஒருவரும் இல்லை, பத்தே நாளில் மறுபடி கடைக்குப் போய்விட்டார். நேற்று ராத்திரி அம்மாவிடம், "அங்க இப்ப இடம் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.