குழை, சணல், பட்டி எருவுக்கு மானியம் கோரும் மனு

அனுப்புநர்: நீர்வேலி, கோப்பாய் பகுதித் தோட்டச் செய்கையாளர்கள், யாழ்ப்பாணம்.

பெறுநர்: மாகாண விவசாயப் பணிப்பாளர் அவர்கள், வடக்கு மாகாணம்.

பொருள்: மண்ணில் காபனைச் சேர்க்கும் செய்கைமுறைகளுக்குத் தோட்டக் காணிகளிலும் மானியம் வழங்கல்

மதிப்புக்குரிய ஐயா,

சால் இழுத்து, பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்து மண் மூடுவது எங்கள் அப்பு காலத்து வழக்கம். இரவில் ஆட்டுப்பட்டியோ மாட்டுப்பட்டியோ அடைப்பார்கள். இப்போது குழை வெட்ட ஆள் இல்லை. ஆள் வந்தாலும் கூலி கட்டாது. பூவரசு நின்ற வேலிகள் மதிலாகிவிட்டன. பட்டிக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யூரியா என்றால் ஒரு பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். சரி, எதைச் செய்வோம் என்று சொல்லத் தேவையில்லை.

இதன் விளைவு கிணற்றில் தெரிகிறது. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். குழையும் எருவும் உக்கி உண்டாகும் சேதனப் பொருளில்தான் மண்ணின் காபன் இருக்கிறது; அது குறைந்த மண் பசளையைப் பிடித்துவைக்காது. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, இறைக்கிற தண்ணீரோடு கீழே போய்விடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது.

பயிர் காற்றிலிருந்து எடுத்த காபனை மண் பிடித்துவைக்கும் என்பதால், காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் இப்போது மண்ணுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. மண்ணில் உள்ள காபனை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவில் கூட்டலாம் என்ற முயற்சியைப் பிரான்ஸ் 2015இல் பாரிஸ் மாநாட்டில் தொடங்கியது. அவுஸ்திரேலியாவில் மண்ணில் சேர்ந்த காபனை அளந்து கமக்காரருக்குக் காபன் வரவு, அதாவது விற்றுக் காசாக்கக்கூடிய சான்று, கொடுக்கிறார்கள். சேர்த்ததை 25 அல்லது 100 ஆண்டு காக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். ஒரு ஏக்கரில் மேல் 30 சென்ரிமீற்றர் மண் ஏறக்குறைய 1,600 தொன் இருக்கும். அதில் காபன் 0.1 வீதம் கூடினால் ஏக்கருக்கு ஒன்றரைத் தொன்னுக்குச் சற்று மேல். காபனீரொட்சைட்டாகப் பார்த்தால் 5½ தொன்னுக்கு மேல். பெரிய பண்ணைக்கு அது காசு. எங்களிடம் இருப்பதோ நாலு பரப்பு, ஆறு பரப்பு. 16 பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஒரே தோட்டத்தின் இரண்டு மூலைகளுக்கிடையே கூட 0.1 வீத வித்தியாசம் இருக்கும். அதை அளக்கும் செலவு கிடைக்கும் காசை விழுங்கிவிடும். அதோடு பலர் குத்தகைக் காணியில் செய்கிறார்கள். அடுத்த வருடம் காணி கையில் இருக்குமோ தெரியாதவர் 25 வருடத்துக்கு எப்படிக் கையெழுத்து வைப்பார்?

ஆகவே தொன்னுக்கு அல்ல, செய்த வேலைக்குப் பணம் தாருங்கள். வெங்காயம் கிண்டிய பிறகு சும்மா கிடக்கும் காணியில் பசுந்தாள் பசளையாகச் சணல் விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதவருக்குப் பரப்புக்கு இவ்வளவு; குழை தாழ்த்தவருக்கு, பட்டி அடைத்தவருக்கு இவ்வளவு. விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தால் போதும். குத்தகைக் காணியென்றால் பணம் செய்கை பண்ணுபவருக்கே போக வேண்டும், உறுதிக்காரருக்கு அல்ல.

ஒன்றை மறைக்கக்கூடாது. எங்கள் வெயிலில் மடக்கி உழுத சணலின் காபனில் பெரும்பங்கு சில மாதங்களிலேயே காற்றுக்குத் திரும்பிவிடும். ஒருமுறை செய்து படம் எடுத்துவிட்டுப் போகும் திட்டத்தால் பயன் இல்லை. குறைந்தது ஐந்து வருடம் தொடர்ச்சியாக மானியம் வேண்டும். காற்றுப் புகாமல் சுட்ட உமிக்கரி நீண்டகாலம் மண்ணில் நிற்கும் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் 2021. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அந்த அனுபவத்தால் சேதனப் பசளை என்றாலே எங்கள் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். யூரியாவை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. மண் தேறத் தேற நாங்களே குறைப்போம்.

முதற்கட்டமாக விருப்பமுள்ளவர்களின் காணிகளில் மட்டும் தொடங்கி, சணல் விதையை ஆடி முடிவதற்குள் கமநல சேவை நிலையத்தில் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். போன முறை விதை கைக்கு வந்தபோது மழை தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
கீழே ஒப்பமிட்டுள்ள தோட்டச் செய்கையாளர்கள்