காணாமல் போன தேதிகள்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல். நெட்டையன் போன வாரம் பேசினான். வேலை மாறிவிட்டானாம். எங்கே என்று மட்டும் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாதாந்திர விற்பனை ரிப்போர்ட்டில் ஒரு கோடு உண்டு. மாதம் பிறந்ததிலிருந்து அன்றுவரை எல்லாக் கிளைகளிலும் சேர்த்து எவ்வளவு விற்றது என்று காட்டும் ரன்னிங் டோட்டல். அந்தக் கோடு நடுவில் சரேலென்று இறங்கி, இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறி நின்றது. திரும்பி வந்த சரக்கை அதில் கழிப்பதே இல்லை. கழிக்க ஒன்றுமில்லாத இடத்தில் கூட்டுத்தொகை எப்படி இறங்கும்?

எண்களைச் சுருக்கித் தருகிறேன், ஒரு தாளில் போட்டுப் பார். முதல் கிளையில் 1ஆம் தேதி 40, 2ஆம் தேதி 25, 5ஆம் தேதி 30. நடுவில் இரண்டு நாள் விற்பனை இல்லை, அதனால் டேட்டாபேஸின் டேபிளில் அந்த நாள்களுக்கு வரியும் இல்லை. இரண்டாம் கிளையில் 1ஆம் தேதி 20, 3ஆம் தேதி 10, 4ஆம் தேதி 15, 5ஆம் தேதி 5. கிளைவாரியாகக் கூட்டிக்கொண்டே போனால் முதலாவதற்கு 40, 65, 95. இரண்டாவதற்கு 20, 30, 45, 50. இரண்டுமே சரி. இப்போது இவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்தால் 60, 65, 30, 45, 145 என்று வருகிறது. வரவேண்டியது 60, 85, 95, 110, 145. மூன்றாம் தேதிக்கு முதல் கிளையில் வரியே இல்லாததால், அதுவரை சேர்ந்திருந்த 65 அன்றைய கணக்குக்குள் வரவேயில்லை.

முதல் எண்ணும் கடைசி எண்ணும் சரியாக இருப்பதைக் கவனித்தாயா? எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். மாதக் கடைசியில் மொத்தத்தை மட்டும் ஒத்துப் பார்ப்பவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இப்படிக் கூட்டிக்கொண்டே போவது எஸ்க்யூஎல் மொழியின் விண்டோ ஃபங்ஷன், அதைக் குறை சொல்ல முடியாது. இருக்கிற வரிகளைத்தான் அது கூட்டும், இல்லாத வரியை உண்டாக்காது. தேதிகளை விற்பனை டேபிளிலிருந்து எடுக்கவே கூடாது, எல்லாத் தேதியும் உள்ள காலண்டர் டேபிளிலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லாத் தேதியையும் எல்லாக் கிளையோடும் ஜோடி சேர்க்கும் கிராஸ் ஜாயின் போட்டு, அதற்கு விற்பனையை லெஃப்ட் ஜாயின் செய்து (விற்பனை இல்லாத ஜோடியும் விட்டுப்போகாது), நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்) வந்த இடத்தில் பூஜ்யம் வைத்து, அதற்குப் பிறகு கூட்ட வேண்டும். காலண்டர் இல்லையென்றால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஜெனரேட் சீரீஸ் என்ற ஃபங்ஷனே தேதிகளை வரிசையாகக் கொடுத்துவிடும். ஆரக்கிள் டேட்டாபேஸ் இதற்கென்றே தன் 10ஜி பதிப்பில், விட்டுப்போன வரிகளைக் கிளைவாரியாக நிரப்பும் பார்ட்டிஷன் அவுட்டர் ஜாயின் கொண்டுவந்தது. அவ்வளவு பழைய தொல்லை இது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கேன்சல் ஆன பில் வேண்டாம் என்ற நிபந்தனையை, வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால், பாடுபட்டுச் சேர்த்த காலி வரிகள் அத்தனையும் வெளியே போய்விடும். விற்பனை டேபிளைப் பற்றிய நிபந்தனை ஜாயினின் ஆன் (ON) பகுதியில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, ஏழு நாள் சராசரி. முந்தைய ஆறு வரிகள் என்று எழுதினால், இடையில் தேதி விட்டுப்போன இடத்தில் அந்த ஏழு வரிகள் பத்து நாளுக்குக்கூட நீளும்.

நீ எக்ஸெல்லை விடமாட்டாய், தெரியும். மேல் வரியோடு இந்த வரியைக் கூட்டு என்று எழுதாதே. இந்தத் தேதியும் இதற்கு முந்தையதும் என்று கிளைக்கு ஒரு சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் ஃபார்முலா) எழுது. உன் தேதிப் பட்டியல் முழுதாக இருந்தால் முதல் கிளைக்கு மூன்றாம் தேதியில் 65 தானாக நிற்கும்.

இதுவரை எழுதியது எல்லாம் சுலபம். இனிமேல்தான் எனக்கும் மேலாளருக்கும் வாக்குவாதம். காலித் தேதி என்றாலே பூஜ்யம் போடு, ரிப்போர்ட் பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்கிறார் அவர். கிளை மூடியிருந்தாலோ ஒன்றும் விற்காவிட்டாலோ பூஜ்யம் சரி. கிளையின் விற்பனை ஃபைலே வந்து சேரவில்லை என்றால்? அந்த நாளுக்குப் பூஜ்யம் போட்டால், நமக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதுகிறோம். அந்தக் கிளையில் வேலை செய்கிறவர்களின் ஒரு நாள் உழைப்பு இல்லை என்று ஆகிவிடுகிறது. அதை வைத்து யாராவது அவர்களைக் கேள்வி கேட்டால் பொறுப்பு நம்முடையது.

சரக்கு இருப்பில் இது இன்னும் மோசம். தினசரி முடிவிருப்பு ஒரு நாள் பதிவாகவில்லை என்றால் கிடங்கு காலி என்றா அர்த்தம்? அங்கே முந்தைய நாளின் இருப்பைத்தான் இறக்கி எழுத வேண்டும். நல்லைத் தாண்டிப் போய்க் கடைசி மதிப்பை எடுக்கும் வசதி ஆரக்கிளில் வெகுநாளாக இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரிலும் 2022 பதிப்பில் வந்துவிட்டது. விற்பனைக்குப் பூஜ்யம், இருப்புக்கு முந்தைய எண். இரண்டையும் ஒரே குவெரியில் ஒரே மாதிரி நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

அதனால் எந்தக் கிளையின் ஃபைல் எந்தத் தேதிவரை வந்தது என்று தனி டேபிள் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். வராத நாளிலிருந்து கோடு புள்ளிக்கோடாக மாறும். இன்னும் பிறக்காத தேதிகளுக்குக் கோடே கிடையாது. இல்லாவிட்டால் மாதக் கடைசிவரை படுத்துக் கிடக்கும் கோட்டைப் பார்த்து வியாபாரம் நின்றுவிட்டது என்று யாராவது பதறுவார்கள். மேலாளர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நான் விடுவதாக இல்லை.

உங்கள் பக்கம் தாமதமாக வரும் ஃபைலை எப்படிக் காட்டுகிறீர்கள்? வந்த பிறகு பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி மறுபடி அனுப்புகிறீர்களா, அடுத்ததில் சேர்த்துவிடுகிறீர்களா? விவரமாக எழுது. அப்புறம், நெட்டையன் எந்தக் கம்பெனி என்று உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்